கறுப்புக் கோட்டைப் பார்க்கப் போனோம்

எண்பத்தாறு ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தின வாரம், அப்பாவை நரம்பியல் டாக்டரிடம் காட்ட நானும் அம்மாவும் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து தெற்கு டெல்லிக்குப் போய் வந்தோம். ஏழெட்டு கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நம் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்களில் யாராவது இதே வழியில் போக நேர்ந்தால் எங்களைவிடச் சீக்கிரம் கிளம்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் வலது கை இரண்டு குளிர்காலமாக நடுங்கியது. டெல்லிக் குளிர் என்றோம். அம்மா கையுறை பின்னிக் கொடுத்தாள். மே மாதமும் நடுங்கியது. கூலர் காற்று என்றோம்! நடக்கும்போது அந்தக் கை வீசவில்லை. கோட் பாக்கெட்டிலேயே வைத்துப் பழகிவிட்டதாம். கடைசியில் டிஸ்பென்சரி டாக்டர்தான் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நான் லைப்ரரியில் தேடிப் படித்தேன். மூளையில் ஒரு சின்ன இடத்துச் செல்கள் செத்துப்போவதால் வருவது என்று போட்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பு பயாலஜிக்காரி என்ற தைரியத்தில் ஒரே ஒரு கேள்வியோடு கிளம்பினேன்: அந்தச் சாவை நிறுத்த முடியுமா?

பஸ்ஸில் போகலாம் என்றுதான் நினைத்தோம். மூடுபனியில் பஸ் வந்து நின்றதும் அப்பா படியில் ஒரு காலை வைத்தார். மற்ற கால் தரையை விட்டு எழும்பவில்லை. "ஜல்தி, பாபுஜி, ஜல்தி!" என்று கண்டக்டர் கத்தினார். விசில் அடித்துவிட்டுப் போயே விட்டார். அதனால் ஸ்கூட்டர் பிடித்தோம். (ஊரில் ஆட்டோ என்பதை இங்கே ஸ்கூட்டர் என்போம்.) டிரைவர் மீட்டர் கராப், அதாவது ரிப்பேர், என்றார்.

"அச்சா பையா, மீட்டர் கராப். ஹம் கராப் நஹீ," என்றாள் அம்மா. மீட்டர்தான் கெட்டது, நாங்கள் கெட்டவர்கள் இல்லை என்று அர்த்தம். டிரைவர் சிரித்துக்கொண்டே மீட்டரைத் தட்டினார். அது ஓடியது. பதினொரு ரூபாய்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே காபிப்பொடி கடைக்காரரோடு அவளுக்குச் சண்டை. பொடி மணக்கவே இல்லை என்று அப்பா மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் எல்லோர் முன்னாலும், "பழைய கொட்டைய அரைச்சுத் தள்ளுறீங்களா?" என்று அம்மா கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கரோல் பாக் கடையில் வாங்கினோம். அந்தப் பொடியும் மணக்கவில்லை என்றார் அப்பா.

டாக்டர் மதுரைக்காரர், இளைஞர். அப்பாவை நடக்க வைத்தார், விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு, "வாசனையெல்லாம் தெரியுதா சார்?" என்று கேட்டார். சிலருக்கு நடுக்கத்துக்கு முன்பே அது குறைந்துவிடும் என்று படித்திருக்கிறாராம். அம்மா சட்டென்று அப்பாவைப் பார்த்தாள்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். டாக்டர் என்னைப் பக்கத்துப் பாட அறைக்கு அழைத்துப்போனார். அப்பாவும் வந்தார். இரண்டு கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் நடுமூளையின் துண்டு ஒன்று. முதலாவதில் மை தீட்டினாற்போல் இரு பக்கமும் கறுப்புக் கோடு. இரண்டாவதில் கோடு வெளுத்துப்போயிருந்தது.

"இந்தக் கறுப்புச் செல்தாம்மா டோபமைன் செய்யுது. அது இருந்தாத்தான் கை கால் சொன்னபடி கேக்கும். அந்த டோபமைன் சிதையிறப்ப பெராக்சைடு உண்டாகும். பக்கத்துல இரும்பும் இருந்தா அது செல்லையே அரிச்சிடும்னு ஒரு யோசனை. மைட்டோகாண்ட்ரியா படிச்சிருக்கியா?"

"செல்லோட பவர் ஹவுஸ்."

"அது நின்னு போறதாலயும் இருக்கலாம். அமெரிக்காவுல ஒரு விஷம் இந்தச் செல்லுக்குள்ள புகுந்து அதைத்தான் நிறுத்துச்சு. உங்கப்பாவுக்கு எதனாலன்னு யாருக்கும் தெரியாது. கை நடுங்க ஆரம்பிக்கிறப்பவே பாதிக்கு மேல போயிருக்கும். மாத்திரை, இல்லாத டோபமைனை ஈடுகட்டும். சாவை நிறுத்தாது."

"முன்னாடியே வந்திருந்தா?"

"அப்பவும் நிறுத்த மருந்து கிடையாது." அப்பாவின் சட்டையைப் பார்த்தார். "ஆனா ரெண்டு வருஷமா சட்டை பட்டனோட மல்லுக்கட்டியிருக்க வேணாம்."

அப்பா வெளுத்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல, இது ஒண்ணாவது என் தலைமுடிக்கு முன்னாடியே வெளுத்துப்போச்சு," என்றார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அம்மாதான் ஐ.என்.ஏ.யில் இறங்கலாம் என்றாள்.

"வாங்கம்மா, கோவம் தணிஞ்சுதா?" என்றார் கடைக்காரர்.

"உங்க பொடியில ஒரு குத்தமும் இல்லைங்க," என்றாள் அம்மா.

அவர் எப்போதும் போல, அரைத்த சூட்டோடு கொஞ்சம் பொடியைக் காகிதத்தில் போட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா குனிந்து மூச்சை நன்றாக இழுத்தார்.

"ஆஹா! இதுல்ல மணம்!"

கடைக்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அம்மா அப்பள அடுக்கின் பக்கம் திரும்பி நின்றாள்.

போகிறவர்களுக்கு: நடக்கச் சிரமப்படுபவரைக் காலை நேர பஸ்ஸில் ஏற்றாதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். கம்பளியும் சாப்பாடும் எடுத்துப் போங்கள். கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள், பதில் பிடிக்காவிட்டாலும். இன்னொன்று: சளி பிடிக்காத ஒருவர் உங்கள் வீட்டில் காபி மணக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், கடையை மாற்றாதீர்கள்.