அடுத்த ப்ராசஸர் வரட்டும்

என் வாழ்க்கையில் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் "கொஞ்சம் பொறுங்க, அடுத்தது வரட்டும்" என்பதாகத்தான் இருக்கும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பத்து வருடத்துக்கும் மேலாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை வைத்திருந்தேன். விற்க உட்கார்ந்திருப்பவனே வாங்காதீர்கள் என்று சொல்லும் கூத்தை அங்கே மட்டும்தான் பார்த்திருக்க முடியும். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி நேர்மைதான். மீதி, எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர்.

இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். மடிக்கணினிகள் மூடிய பெட்டிகளாகவே வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அந்தப் பழைய கடை நினைவுக்கு வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. புது மதர்போர்டின் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் வரும் அந்த வாசனை. ப்ராசஸரைச் சாக்கெட்டில் வைத்து, பக்கத்துக் கம்பியை அழுத்தி மாட்டும்போது நறுக்கென்று கேட்கும் சத்தம். நூறு முறை மாட்டியிருந்தாலும் நூற்றியோராவது முறையும் உடைந்துவிட்டதோ என்று பதறும். அந்தப் பதற்றத்துக்காகவே இன்னொரு நாள் அங்கே போய் உட்கார மாட்டோமா என்று ஏங்குகிறேன்.

கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு அட்டவணை ஒட்டியிருந்தேன். சிப் செய்கிற கம்பெனிக்காரர்கள் அடுத்தடுத்த வருடங்களில் எதை வெளியிடப் போகிறார்கள் என்பது இன்டர்நெட்டில் கசியும். அதைப் பிரிண்ட் எடுத்து, நாலு தாளைச் சேர்த்து ஒட்டியது. இன்னும் பிறக்காத ப்ராசஸர்களுக்கு அவர்கள் ஆற்றின் பெயரையும் ஊரின் பெயரையும் வைத்து வைத்திருப்பார்கள். கடைக்கு வரும்போது வேறு பெயர். நானும் விடவில்லை. நான் பூட்டுகிற மிஷின்களுக்கு வெள்ளாறு, பாம்பாறு என்று பெயர் வைத்து பில்லில் எழுதிக் கொடுத்தேன். தண்ணீரே ஓடாத ஆற்றின் பெயரை வைத்தால் மிஷின் எப்படி ஓடும் என்று கீழே ஜவுளிக்கடைக்காரர் கேலி செய்வார்.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர் மாடிப்படி ஏறி வந்தார். ஜெகதாப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருந்தவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினார். அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, இனி திரும்பாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். முழுதாகப் போவதற்குள், சிங்கப்பூரில் மகளுக்குப் பிறந்திருக்கும் குழந்தை அசைவதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அவர் வந்தது அதற்காக. இதில் கண் விஷயத்தை மட்டும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

"பேத்தி பொறந்துருக்கு தம்பி. போட்டோ அனுப்புனாக, பாத்துட்டோம். போட்டோல புள்ள அசையாதுல்ல. ஆளப் பாத்துப் பேசுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். வீட்டுலயும் கால் முடியாது, பிரௌசிங் சென்டருக்கெல்லாம் கூட்டிட்டுப் போக முடியல."

அதற்கு மேசையில் ஓடிக்கொண்டிருந்த டெமோ மிஷினே போதும். ஒரு கேமராவையும் ஸ்பீக்கரையும் சேர்த்து, அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டிருக்கலாம். அவர் அந்தத் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆர்வம் என்று நினைத்தேன்.

"பொறுங்கய்யா, மூணு மாசத்துல புதுசு வருது. அதுக்குச் சாக்கெட்டே வேற. இப்ப வாங்கினா நாளைக்கு எதையும் மாத்த முடியாது" என்றேன்.

"அடுத்து வரப்போறத அவன் எப்புடி இப்பவே சொல்லுறான்?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. என்னை அட்டவணை முன்னால் நிறுத்திவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. கடையில் ஒன்று விற்றுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது பேக்டரியில் சோதனையில் இருக்கும். அதற்கடுத்ததை யாரோ வரைந்துகொண்டிருப்பார்கள். அதற்கும் அடுத்தது பேச்சளவில் இருக்கும் என்றேன். அந்தக் காலத்தில் அவர்கள் வைத்திருந்த முறையையும் சொன்னேன். ஒரு முறை, பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் கோடுகளை மட்டும் இன்னும் மெல்லியதாக்குவார்கள். அடுத்த முறை, அதே மெல்லிய கோட்டில் வடிவத்தைப் புதிதாக்குவார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடமாட்டார்கள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம படகு வேல மாதிரியில்ல இருக்கு! நானும் ஒரு தடைக்காலத்துல என்ஜின மாத்துனா, அடுத்த தடைக்காலத்துலதான் பலகையில கைய வப்பேன். ரெண்டையும் சேத்து மாத்திட்டு, கடலுக்குள்ள போயி படகு ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா எதப் போயி குத்தஞ்சொல்றது?"

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்த அட்டவணையை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவர்களே கொட்டாவி விட்டிருக்கிறார்கள். இவர் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தேன். கரையேற்றிய படகில் அந்த வருடம் என்ஜின் முறையா பலகை முறையா என்றுகூடக் கேட்டேன். இவ்வளவு கேட்டவன், எதற்குள் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

"அப்பச் சரி, பொறுத்தே வாங்குவோம்" என்று எழுந்தார். காத்திருந்து மாற்றுவதுதான் சரி என்பது அவர் தொழிலில் ஊறிய பழக்கம். என் பேச்சு அந்தப் பழக்கத்தின் மேல் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது. வேறு யாராக இருந்தாலும் என்னைத் திட்டிவிட்டு எதிர்க்கடையில் வாங்கியிருப்பார்கள்.

மூன்று மாதம் என்றது ஆடியில் வந்து நின்றது. ஆடியில் புதுச் சாமான் வாங்கமாட்டார்கள் என்று மொத்த வியாபாரி சரக்கே எடுக்கவில்லை. ஆவணியில் ப்ராசஸர் வந்தது, அதற்கேற்ற மதர்போர்டு வரவில்லை. புரட்டாசியில் மதர்போர்டு வந்தது, ப்ராசஸர் தீர்ந்துவிட்டது. வாரம் ஒரு முறை போன் வரும். "வந்துருச்சா தம்பி?" ஒரு முறைகூடக் குரலில் கோபம் இல்லை. "வரட்டும், வரட்டும். அவசரப்பட்டு ஆகப்போறது என்ன" என்பார். பின்னாளில் அந்தக் கம்பெனிக்காரர்களுக்கே மாற்றி மாற்றிச் செய்கிற அந்தத் தாளம் தப்பிப்போனது. ஒரே அளவுக் கோட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் ஒருபோதும் செய்யவில்லை. நாளைக்கு வருவதைக் காட்டி இன்றைய சரக்கை விற்காமல் வைத்ததில்லை. அதைச் செய்தவன் நான்தான்.

ஐப்பசி மழையில், பெட்டிகளை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு, மணமேல்குடி தாண்டி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி, மழையில நனைஞ்சிட்டீகளா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். நான் அதற்குள் அறைக்கு நடுவில் வந்துவிட்டிருந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போன் லைன் இருந்த மூலையில் ஒரு குறுகிய மேசை. மானிட்டர் வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் இடப்பக்கம் ஜன்னல் திட்டில் வைத்தேன். வயரைச் சொருகிக்கொண்டிருக்கும்போது, அவருடைய மனைவி காலை இழுத்து இழுத்து வந்து, காபியைக் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"அவுகளுக்குக் கண்ணு ஆவணிக் கடைசியிலயே சுத்தமா போயிருச்சு தம்பி. மக கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக. சொன்னா பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துருவா."

"அப்ப இது எதுக்கும்மா?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'தம்பி நமக்காகப் பாத்துப் பாத்து வச்சிருக்கும், வேணாம்னு சொல்லக்கூடாது'ன்னாக."

அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அழ எனக்கு என்ன உரிமை என்று நினைத்து, கேமராவை மானிட்டர் மேல் மாட்டினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் அழைப்பில் வந்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு திணறல் இல்லை. மடியில் குழந்தை. ஆறு மாதம் ஆகியிருந்தது, எதையோ பிடிக்க இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"தெரியுதாப்பா?"

"தெரியுது தாயி, நல்லாத் தெளிவாத் தெரியுது. நம்ம தம்பி புது மிஷினுல்ல குடுத்துருக்கு. மூக்கு ஒங்கம்மா மாதிரி" என்றார், ஜன்னலைப் பார்த்துச் சிரித்தபடி.

"அப்பா, ஏன் அங்கிட்டு பாக்குறீங்க? இங்கிட்டு பாருங்கப்பா."

அவர் சிரிப்பு நின்றது. குரல் வந்த ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கேமராவின் கண்ணில் படாமல் குனிந்துபோய், திட்டில் இருந்த ஸ்பீக்கர் இரண்டையும் எடுத்தேன். மேசையில் வேறு இடமில்லை. திரைக்கு முன்னாலேயே நெருக்கி வைத்தேன். ஆறு மாதம் அவரைக் காக்கவைத்து நான் கொண்டுவந்த அந்தப் படத்தில் பாதி மறைந்துபோனது.

குழந்தை ஏதோ கத்தியது. அவர் முகம் மெல்ல நேராகத் திரும்பியது.

"ஆங், இப்பச் சரி" என்றார் மகள். "இப்பத்தான் எங்களப் பாக்குறீங்க."