சட்டையில் குத்திய பெயர்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், பண்டாரவளையில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. முதல் நாள் மேலாளர் பெயரைக் கேட்டார். அவரும் தமிழர்தான், கொழும்புக்காரர். சொன்னேன். நடுவில் ஒரு ழகரம் வரும், அவ்வளவுதான். அவர் முகம் சுளித்தார்.

"இது வெள்ளைக்காரங்களுக்கு வாயில வராது. சுருக்கமா ஒண்டு இருக்கட்டும்."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு பெயரட்டையை எடுத்து நீட்டினார். நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல ஓர் ஆங்கிலப் பெயர். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்து விலகிப்போன பெண்ணுடையதாம். அவளுக்கும் அது சொந்தப் பெயர் இல்லை. வேலை போய்விடுமே என்று சட்டையில் குத்திக்கொண்டேன்.

ஆனால் விருந்தாளிகளின் பெயர்களை நாங்கள் பிழையில்லாமல் சொல்லவேண்டும். தொண்டையைக் காறுவதுபோல ஒலிக்கும் ஒல்லாந்துப் பெயர் ஒன்றை, அது சரியாக வரும்வரை, மேலாளர் காலையில் எங்களை நிற்கவைத்துச் சொல்லச் சொன்னார்.

ஒருநாள் பின்னேரம் தேநீர் குடிக்கப் போனபோது, புதிதாக வந்த சிங்களக் காவலாளி தன் அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காலையில ஒரு தாத்தா வந்தது. நீளமா ஒரு பேர் சொல்லிக் கேட்டது. அப்படி ஆள் இங்க இல்லை சொன்னது. மழையில கொஞ்ச நேரம் நின்னு போனது."

என்ன பெயர் என்று கேட்டேன். அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னது என் பெயர்.

சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போய் பஸ் பிடித்தேன். லயத்தில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது குடல்வால் அறுவை முடிந்து அம்மா மயக்கத்தில் கிடந்தார். உள்ளே கொண்டுபோகும்வரை என்னைத்தான் கேட்டாராம்.

அப்பா ஈரச் சட்டையோடு சுவரோரம் நின்றார். "நாந்தான் எடம் மாறி வேற ஓட்டலுக்குப் போயிட்டேன்னு நெனச்சேன் புள்ள," என்றார்.



அம்மா கண் விழித்துக் கஞ்சி குடித்தபிறகு விடுதிக்குப் போனேன். அட்டையைக் கழற்றி மேலாளரின் மேசைமேல் எறிந்தேன்.

"என் பேர அடிச்சுத் தாங்க. இல்லாட்டி எனக்கு அட்டையே வேணாம்."

"ஒரு பேருக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?"

"ஒரு பேருதானே சார்? அந்த ஒல்லாந்துக்காரருக்கும் சுருக்கமா ஒன்னு வச்சுக் கூப்பிடுங்க பாப்போம்."

அவர் என்னைத் துணி வெளுக்கும் அறைக்கு மாற்றினார். அங்கே விருந்தாளிகள் வரமாட்டார்கள், அட்டை தேவையில்லையாம். மாதம் முடியும்வரை படுக்கை விரிப்புகளை அலசிவிட்டு விலகினேன். பிறகு பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடையில் சேர்ந்தேன். அவர் கடையின் பின்பக்கமிருந்து என் முழுப்பெயரையும் தெருவுக்கே கேட்கும்படி கத்திக் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

"இதுக்குப் போயா நல்ல வேலைய உட்ட?" என்று அப்பா ரொம்ப நாள் திட்டினார். மகளின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்ட மனுசன், தன்மேல்தான் பிழை என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்குவதில்லை.