தலைப்பிரட்டைகளுக்கு ஊற்றிய தண்ணீர்

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றபோது என் கணவரும் ஒன்று வாங்கினார். மயிலாப்பூரில் ஒண்டுக் குடித்தனம் எங்களுக்கு. முந்தின வருஷம்தான் எங்கள் ஒரே பெண் விஷ ஜுரத்தில் போயிருந்தாள். எனக்கு எந்த வீடும் வேண்டியிருக்கவில்லை. மாமனார் விடவில்லை; அவர் நாள் பார்த்துவிட்டால் அப்பீலே கிடையாது.

கார்த்திகையில் அஸ்திவாரக் குழி வெட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஏரி மண்ணுக்குள் புதைந்து கிடந்த குண்டுத் தேரைகள் மேலே வந்து குழித் தண்ணீரில் முட்டையிட்டன. ஜவ்வரிசிக் கஞ்சியில் எள்ளைத் தூவியது போல இருந்தது. இந்தத் தேரைக்குப் பின்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு கட்டி உண்டு. அதைக் கொண்டு பின்பக்கமாகவே தோண்டி மண்ணுக்குள் இறங்கிவிடும். மழை நின்றது. மார்கழி பிறந்ததால் வேலையும் நின்றது.

முட்டைகள் தலைப்பிரட்டைகளானதும் இவர் ஆபீஸிலிருந்து நேரே அங்கே போக ஆரம்பித்தார். குழந்தை போனதிலிருந்து வாயே திறக்காத மனுஷர், சாப்பிடும்போது, "பின்னங்கால் மொட்டு விட்டிருக்கு" என்றார். குழி வற்றுகிறதென்று பக்கத்துக் கிணற்றிலிருந்து தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பைத்தியக்காரத்தனம்தான். இதுகளாவது அவருக்குப் பிழைக்கட்டும் என்று, நம்பிக்கையில்லாமலே வேண்டிக்கொண்டேன்.

"தை பொறக்கறதுக்குள்ள கரையேறிடும்" என்றார்.

ஏறவில்லை. பின்னங்காலோடு நின்றது நின்றதுதான்.

தையில் அஸ்திவாரம் போடும் முகூர்த்தத்தன்று நாங்கள் போய்ச் சேருமுன் மேஸ்திரி தண்ணீரை இறைத்துக் கொட்டியிருந்தார். "தண்ணி நின்னுகினு கீது, எப்டி சாமி கடகால் போட்றது?" என்றார். அவர்மேல் தப்பில்லை. மண்மேட்டில் அத்தனையும் வாலோடு துடித்துக்கொண்டிருந்தன.

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடிய என் கணவர், வழியில் அடுத்த மனையில் நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பள்ளத்தில் அதே மழையில் தேரைகள் முட்டையிட்டிருக்கின்றன. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பள்ளம் வற்ற வற்ற, அவசர அவசரமாக முன்னங்காலும் முளைத்து, வால் சுருங்கி, நகத்தளவுத் தேரைகளாகிவிட்டிருந்தன. ஈரச் சேற்றில் பின்பக்கமாகப் புதைந்துகொண்டிருந்தன.

"நான் ஊத்தாம இருந்திருந்தா நம்மதும் பொழைச்சிருக்கும்" என்றார். குடம் கையிலேயே இருந்தது. "கொழந்தைக்கும் நான் இப்படித்தான் ஏதாவது பண்ணிட்டேனோடி?" என்று கேட்டார். வாத்தியார் சங்கல்பத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜுரத்தில் கிடந்தவளுக்கு மருந்தும் கஞ்சியும் வேளை தவறாமல் புகட்டியது அவர்தான். இல்லை என்று சொல்வதற்குப் பதில், அவர் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டேன்.