எண்ணெய்க்கு வழி விட்ட மாரியம்மா

அன்னைக்கு என் வீட்டுக்காரரால படுக்கவே முடியல. படுத்தா மூச்சு முட்டுச்சு. சுவத்தோரம் தலகாணி வச்சு உட்கார வச்சிருந்தேன். கால் ரெண்டும் வீங்கி, விரலால அமுக்கினா பள்ளம் விழுந்து அப்படியே நின்னுச்சு. ஏற்கனவே ஒரு தடவை டயாலிசிஸ் தவறிப்போச்சு. அன்னைக்கும் போகலன்னா ஆள் தங்கமாட்டார்னு எனக்கே தெரிஞ்சுது. வாசல்ல ஜீப் செத்துக் கிடந்துச்சு.

நான் பார்வதி. லிங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துல, தோட்டத்து வீட்டு வரிசையில கடைசி லயத்துல இருக்கோம். எனக்கு வாய் நீளம்னு ஊரே சொல்லும். பொய்யில்ல. ஆனா இந்த மாரியம்மா கோயில்ல, அம்மா முன்னாடி நின்னு உங்ககிட்ட சொல்றேன், இதுல ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லல.

அவர் பேரு செல்வராஜூ. தோட்டத்து வர்க்‌ஷாப்புல டிராக்டர் பார்த்தவர். இனிப்பு நீர் வியாதி வந்து, கிட்னி ரெண்டும் போயிருச்சு. வாரத்துக்கு மூணு நாள் போர்டிக்சன் டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். எங்க லயத்துலேர்ந்து மெயின் ரோட்டுக்கு வர்றது செம்மண் ரோடு. மழை பேஞ்சா காரு மாதிரி சின்னக் காடி எதுவும் உள்ள வராது. அதனாலதான் தோட்டத்துல கழிச்சுப் போட்ட பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கி, உடம்பு கொஞ்சம் நல்லா இருந்தப்ப அவரே எஞ்சினைப் பிரிச்சு மாட்டினார். ஓட்டுறது நான்.

போன வருஷம் தீபாவளி முடிஞ்சு மழை பிடிச்சுக்கிச்சு. அப்ப ஆரம்பிச்சுது சனியன். ஜீப் இருமும், வெடிக்கும், செம்பனைக் காட்டுக்கு நடுவுல நின்னுடும். சி ரூசாவுல பட்டறை வச்சிருக்கிற மெக்கானிக் குமார் வந்து பார்த்தான். பிளக்குக்கு நெருப்பு பிரிச்சுக் குடுக்குற டிஸ்டிரிபியூட்டரை உருவிக் காட்டினான். அதைச் சுத்துற சின்னப் பல்சக்கரத்தோட பல்லெல்லாம் எலி கொறிச்ச மாதிரி தேஞ்சு போயிருந்துச்சு. பாரோய் பக்கம் பழைய சாமான் கடையில ஒண்ணு தேடிப் புடிச்சு மாட்டினான். கொஞ்ச நாள்தான். அதோட பல்லையும் ஜீப் தின்னுடுச்சு.

"எண்ணெய் போகலையாடா?"ன்னு கேட்டேன்.

"போகுதுக்கா. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் எண்ணெய் லைட்டு அணையுது பாருங்க. எண்ணெயில கோளாறு இல்லலா."

நானும் நம்பினேன். கெட்டி எண்ணெய் ஊத்திப் பார்த்தோம். ஜீப்புக்கு எலுமிச்சம்பழம் சுத்தி, டயருக்கு அடியில வச்சு நசுக்கினோம். ஒண்ணும் நடக்கல. அக்கம்பக்கத்துல முதல்ல ஓடி வந்து உதவினாங்க. வாரம் மூணு நாள்னா யாரால முடியும்? நான் போய் நின்னாலே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போவுது. நான் முதல்ல சொன்ன அன்னைக்குத் தோட்டத்து டிராக்டரும் மேல் பிளாக்குல சேத்துல புதைஞ்சு கிடந்துச்சு. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் பாதி ரோட்டுலயே திரும்பிப் போயிருச்சு.

குமார் மட்டும் மறுபடி ஒரு பல்சக்கரத்தோட அன்னைக்குக் காலையில மோட்டார் சைக்கிள்ல வந்தான். இதுவும் எத்தனை நாளைக்கோன்னு அவன் முகமே சொல்லுச்சு.

நான் வீட்டுச் சாமி மேடைக்கு முன்னாடி போய் நின்னேன். கும்பிடல. சண்டை போட்டேன். "நீ இருக்கியா, இல்ல வெறும் படமா? வருஷா வருஷம் பால்குடம் எடுத்தேனே, கண்ணு தெரியலையா உனக்கு? என் தாலிதான் வேணும்னா நேராக் கேட்டு வாங்கிக்கோ. இப்படி இழுத்து இழுத்துக் கொல்லாத. இல்லன்னா ஒரு வழி காட்டு. இப்பவே காட்டு"ன்னு கத்தினேன்.

சுவத்தோரத்துலேர்ந்து அவர் கூப்பிட்டார். "பார்வதி, அவளைத் திட்டாதே. தப்பு என்னுது."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். எஞ்சினை மாட்டுறப்ப முன்பக்கத்து மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கெட் கிடைக்கல. பழைய கேலண்டர் அட்டையில வெட்டியிருக்கார். மாரியம்மா படம் போட்ட கேலண்டர். சாமி படத்தைக் குப்பையில போடக்கூடாது, எஞ்சினுக்குள்ளயே இருந்து காப்பாத்தட்டும்னு நெனச்சிருக்கார்.

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அதுல ஒரு சின்ன ஓட்டை தட்டணும். அது வழியாத்தான் பல்சக்கரத்துக்கெல்லாம் எண்ணெய் வரும். ஆணியை வச்சுப் பார்த்தா, அது நேரா அம்மா முகத்துல விழுது. எனக்குக் கை வரல. சின்ன ஓட்டைதானே, எப்படியும் சமாளிச்சுக்கும்னு விட்டுட்டேன்."

"குமார் தேஞ்ச பல்லைக் காட்டினப்பவே சொல்றதுக்கு என்ன கேடு?"

"சாமி மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்னு பயந்தேன்"னார். கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துச்சு.

குமார் ரேடியேட்டரை இறக்கி, மூடியைக் கழட்டினான். உள்ள பல்சக்கரமெல்லாம் காஞ்சு கிடந்துச்சு. கேஸ்கெட் எஞ்சினோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. படத்துல மிச்சம் இருந்தது ஒரு சூலம், கொஞ்சம் மஞ்சள் சேலை, அப்புறம் அந்த முகம். எண்ணெய் பட்டு கறுத்திருந்துச்சு. ஆனா கண்ணு ரெண்டும் தெளிவா என்னையே பார்த்துச்சு. வலது கன்னம் மட்டும் பின்னாலேர்ந்து எண்ணெய் முட்டி முட்டிப் புடைச்சு நின்னுச்சு. லைட்டு அணைஞ்சா எல்லா இடத்துக்கும் எண்ணெய் போவுதுன்னு நாங்க நெனச்சது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

"அக்கா, போர்டிக்சன் போய் கேஸ்கெட் பேப்பர் வாங்கிட்டு வந்து புதுசா வெட்டிடலாம்"னான் குமார்.

அவன் போய்ட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். வீட்டுக்குள்ள அவர் மூச்சு இழுக்குற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

"நீயே இதுல தட்டுடா."

"ஐயோ, என்னால முடியாதுக்கா. நான் தீ மிதிக்கிறவன்."

"அப்ப ஆணியைக் குடு."

ஆணியை அந்தக் கன்னத்துல வச்சேன். வாய் விட்டு அழுதுக்கிட்டே வேண்டினேன். "அம்மா, உன் பிள்ளைங்க உன் பேரைச் சொல்லிக் கன்னத்துல அலகு குத்திக்கிறாங்க. வலி தெரியாமப் பார்த்துக்கிறியே. இன்னைக்கு ஒரு தடவை எங்களுக்காக நீ குத்திக்கோ தாயே." சுத்தியலால மெல்ல ஒரு தட்டு தட்டினேன்.

எஞ்சின் பத்திக்காம இருக்க குமார் டிஸ்டிரிபியூட்டர் வயரைக் கழட்டி வச்சுட்டு, சாவியைத் திருப்பினான். எஞ்சின் வெறுமனே சுத்துச்சு. ஒண்ணும் வரல. மறுபடி திருப்பினான். அந்த ஓட்டையிலேர்ந்து முதல்ல ஒரு சொட்டு வந்துச்சு. அப்புறம் நூல் மாதிரி எண்ணெய் பீச்சி என் சட்டை மேல அடிச்சுது. "வந்துருச்சுக்கா, வந்துருச்சு!"ன்னு குமார் கத்தினான். நான் சேத்துலயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்துல இல்ல, பயத்துல. அப்படி ஒரு பயம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

பல்சக்கரத்தை மாட்டி, கேஸ்கெட் மேல பசை தடவி, மூடியை முடுக்கினான். அவரை ஏத்திக்கிட்டு, சேத்தையும் குழியையும் பார்க்காம ஓட்டிக்கிட்டுப் போனேன். ஜீப் வழியில ஒரு தடவைகூட இருமல. டயாலிசிஸ் பண்ற இடத்துல நர்ஸ் என்னைத் திட்டுன திட்டு! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நுரையீரல் முழுக்கத் தண்ணி ஏறியிருக்கும்னாங்க. பெரியாஸ்பத்திரியில ரொம்ப நாள் கிடந்தார். பிழைச்சார். முழுசா இல்ல. இருதயம் பலவீனம். இப்ப வாசல் வரைக்கும் நடந்தாலே உட்காந்துடுவார். அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

வீட்டுக்கு வந்தும் என்கிட்ட அவர் சரியாப் பேசல. "அம்மா முகத்துல ஆணி அடிச்சிட்டியே"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்கும் தூக்கம் போயிருச்சு. என்ன தண்டனை வருமோ, எந்த ரூபத்துல வருமோன்னு காத்துக்கிட்டே இருந்தேன். இந்தக் கோயில் வாசப்படி ஏறவே கூசுச்சு.

ஜீப் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இப்ப எண்ணெய் மாத்துறப்பல்லாம் குமார் அந்தப் பல்சக்கரத்தை உருவி, ஈரமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மூடுறான். பக்கத்துத் தோட்டத்துல டயாலிசிஸ் போறவங்க ரெண்டு பேரையும் நானே ஏத்திக்கிட்டுப் போறேன். முன்னெல்லாம் என் வீட்டுக் கஷ்டமே கஷ்டம்னு கிடந்தவதான் நான்.

அப்புறம் ஒரு நாள் அவர் டயாலிசிஸ் நாற்காலியில படுத்திருந்தார். நர்ஸ் வந்து அந்தப் பெரிய ஊசியைக் கையில குத்தினாங்க. எப்பவும் முகத்தைச் சுளிச்சுத் திருப்பிக்குவார். அன்னைக்கு ஊசியவே பார்த்துக்கிட்டு இருந்தார். என் கையைப் புடிச்சு, "நான் உசுரோட இருக்கணும்னு வாரம் மூணு நாள் என்னைக் குத்துறாங்க பார்வதி. எனக்காக அந்த அம்மா ஒரு தடவை குத்து வாங்கிக்கிட்டா. நீ அழாத"ன்னார்.

எனக்குத் தண்டனை வரலங்க. வந்தது இந்த வார்த்தைதான்.

உங்க வீட்டுலயும் ஏதாவது காஞ்சு தேஞ்சுக்கிட்டு இருந்தா, அவகிட்ட வந்து கேளுங்க. அழுது கேளுங்க, கோபம் வந்தா திட்டியும் கேளுங்க. அவ தாங்கிக்குவா.