அக்கா குடித்த கீழாநெல்லி

செய்தி வந்தபோது நான் தொழிற்சாலையில் என் பெஞ்சில் உட்கார்ந்து மோட்டார் தண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். காலைத் தேநீர் முடிந்த நேரம். எங்கள் பிரிவின் பொறுப்பாளன் மஞ்சுநாத், கண்ணாடி அறைக்குள் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வரவில்லை. இன்னும் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டான். மூவரும் என்னைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தார்கள். நாலு பேர் கூடி நின்று என்னைப் பற்றிப் பேசுவதாக எனக்குத் தோன்றினால் அதற்கு மாத்திரை இருக்கிறது. அன்று அவர்கள் உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மஞ்சு என்னிடம் வந்தான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். ஆனால் அன்று என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினான். "உங்க மாமா ஃபோன் பண்ணியிருந்தாரு குரு. அக்காவுக்கு உடம்பு உஷாரில்லையாம். வா, நான் வண்டியில விடறேன்."

"காமாலையா மஞ்சு?" என்று கேட்டேன்.

அவன் என் பெஞ்சின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அழுதுவிட்டான். "இல்ல. போயிட்டாங்க. காலையில நெஞ்சுவலியாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல" என்றான்.

என் அக்கா ராஜேஸ்வரியை, இதைப் படிக்கும் உங்களில் பலர் வெறும் குரலாகத்தான் அறிந்திருப்பீர்கள். கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, கேட்டவர்களைக் கேட்ட அறையோடு இணைத்துவிட்டே அவள் வயது போயிற்று. தொம்மலூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் குழாயடிச் சண்டையை ஒரே அதட்டில் நிறுத்தும் பெண்ணாக அறிவார்கள். நான் அறிந்தது வேறு. எனக்கு மனநோய் இருக்கிறது. இதை நான் எழுதத் தயங்கியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அக்காவைச் சரியாகத் தெரியாது.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்து ஊரே பற்றி எரிந்தபோது, நீலசந்திராவில் எங்கள் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. எல்லோரும் கிசுகிசுவென்று பேசினார்கள். வாசலில் காலடி கேட்டால் விளக்கை அணைத்தார்கள். அதனால் என் பயத்தை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. பிறகு ஊர் அடங்கியது, எல்லோர் பயமும் போயிற்று, என்னுடையது மட்டும் போகவில்லை. பொங்கல் கழிந்தும் நான் ஜன்னலில் போர்வையைக் கட்டி வைத்திருந்தேன். தெருவில் ஆட்கள் நின்று என் பெயரைச் சொல்லிப் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்றாள். அக்கா தொம்மலூரிலிருந்து வந்து போர்வையின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள். "நான் பார்த்துட்டேன், யாரும் இல்ல. ஆனா உனக்குக் கேக்குதுன்னா கேக்குதுதான். எனக்கும்தான் நாள் பூரா காதுல யார் யாரோ பேசறாங்க. எனக்கு அதுக்குச் சம்பளம் தர்றான், உனக்குத் தரல. எழுந்திரு, டாக்டரையே கேப்போம்" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் செருப்பைத் தேடினேன்.

டாக்டர் அக்காவிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார். மாத்திரையால் ஓரளவுதான் முடியும், மீதியை வேலைதான் செய்யும், என்ன ஆனாலும் இவர் வேலை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அப்போது நிரந்தரமாகாத ஆள். மனநோய் என்று தெரிந்தால் மறுநாளே அனுப்பிவிடுவார்கள். அக்கா யோசித்து, ஹோட்டலுக்கென்று வைத்திருந்த ஆங்கிலத்தில், போர்டிலிருந்தே தொழிற்சாலைக்குப் பேசினாள். தம்பிக்கு மஞ்சள் காமாலை என்றாள். எத்தனையோ குடும்பங்கள் செய்வதுதான். காமாலை என்றால் வாரக்கணக்கில் விடுப்பு கிடைக்கும், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து யாரும் பார்க்கவும் வர மாட்டார்கள்.

மஞ்சு வந்துவிட்டான். ஹொஸ்கோட்டே பக்கம் அவன் ஊரில் காமாலைக்குக் கைகண்ட மருந்து கொடுப்பவர் இருந்தாராம். அவரிடம் வாங்கிய கீழாநெல்லி விழுதை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கினான். அதை மோரில் கரைத்துத் தம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினான். "கொடுத்தவங்க கண் முன்னாடியே குடிக்கணும். இல்லாட்டி பலிக்காது" என்றான்.

அம்மா போட்ட சோற்றையே நான் சந்தேகப்பட்ட நாட்கள் அவை. தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆள் பச்சையாக எதையோ கலக்கி வந்து, எதிரிலேயே நின்று குடி என்கிறான். அது விஷம் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அவன் கழுத்தைப் பிடிப்பதா, தள்ளிவிட்டு ஓடுவதா என்பதுதான் என் யோசனை. என் கை இறுகுவதை அக்கா பார்த்துவிட்டாள். சட்டென்று தம்ளரை வாங்கிப் பாதியைக் குடித்தாள். பாகற்காய் பொரித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போகிறவள் அவள். முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்கு மட்டும் தெரிந்தது. "ஒட்டுவாரொட்டி நோயாச்சே தம்பி, எனக்கும் வந்துடக் கூடாதில்ல" என்று மஞ்சுவிடம் சொல்லிவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தாள். அவள் சாகவில்லை என்று சற்று நேரம் பார்த்துவிட்டு நானும் குடித்தேன்.

மஞ்சு விடுவதாக இல்லை. நாள் தவறாமல் வந்தான். அக்காவும் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு, அவன் வருவதற்கு முன் நீலசந்திராவுக்கு வந்து நின்றாள்.

வேலை நிரந்தரமானது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சில வருடங்களில் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். ஒரு நாள் ஒரு பெட்டி விடாமல் எல்லாத் தண்டுகளுக்கும், தேறாதவை என்று சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கச் சொல்லி ஒரு குரல் சொன்னது. தண்டுகள் சரியாகத்தான் இருந்தன. மேனேஜர் வீட்டு ஆளை அழைத்துவரச் சொன்னார். மறுபடியும் காமாலை என்று சொல்லிவிடலாம் என்றார் மாமா, அக்காவின் கணவர். அக்கா ஒப்பவில்லை.

"அந்தக் கசப்பை இன்னொரு தரம் என்னால குடிக்க முடியாதுங்க. நெசத்தைச் சொல்லிடறேன்" என்றாள்.

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லலைன்னாலும் போகும். அப்பப் பொறுப்பில்லாதவன்னு பேரோட போகும். அதுக்கு இது தேவலை."

மேனேஜரின் அறையில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாத்திரையை மறுபடி தொடங்கியிருந்தேன். நோயின் பெயரை அக்கா சொன்னதும் மேனேஜர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளிடம் கன்னடத்தில் கேட்டார்: "கோபம் வந்தா இவர் அடிப்பாரா?"

அக்காவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். "அவனையே கேளுங்க சார். அவனுக்குக் காது நல்லாக் கேக்கும். கொஞ்சம் அதிகமாவே கேக்கும்."

நான் சிரித்துவிட்டேன். மேனேஜர் சிரிக்கவில்லை, ஆனால் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "அடிக்க மாட்டேன் சார். பயந்து ஓடத்தான் பார்ப்பேன்" என்றேன்.

நல்லபடியாக ராஜினாமா செய்தால் மரியாதையாக இருக்கும் என்றார் அவர். அக்கா எழுந்திருக்கவில்லை. இரவு ஷிப்ட் வேண்டாம், தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் என்றாள். வேலையில் தப்பு இருந்தால் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் பேசினால் அவனுக்கு வேறு மாதிரி கேட்கும் என்றாள். மேலே இருப்பவர்களிடம் நான் என்ன சொல்வது என்று மேனேஜர் அலுத்துக்கொண்டார். "காமாலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றாள். மூன்று மாதம் பார்க்கலாம், இன்னொரு முறை இப்படி நடந்தால் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

வெளியே மஞ்சு நின்றிருந்தான். விஷயம் தெரிந்ததும் அவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. "அப்போ அந்த மருந்து? அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிட்டு வந்தேன். ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நீங்க எதுக்குக் குடிச்சீங்க?"

"அவனுக்கு அது விஷமாத் தெரிஞ்சுது தம்பி. வேற வழி தெரியல. ஆனா நல்ல மருந்துதான், இன்னிவரைக்கும் எனக்குக் காமாலை வரலியே" என்றாள் அக்கா. மஞ்சு சில நாட்கள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அதை நினைத்துத் தானாகவே சிரித்துவிட்டான்.

உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதையில்தான் எழுதுவார்கள். அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு தண்டை ஒதுக்கினாலும், எதிரில் இருப்பவன் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்டைப் பார்த்தான். மூன்று மாதம் முடியப்போகும் சமயத்தில் அது நடந்தது. தண்டின் பருமனைச் சோதிக்கும் எங்கள் கேஜுக்கு இரண்டு வாய்கள். முதல் வாயில் தண்டு நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையக் கூடாது. அன்று எடுத்த தண்டெல்லாம் இரண்டாவது வாயிலும் நுழைந்தது. ஒரு பெட்டி முழுக்க அப்படியே. எனக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னால் யாரோ "ஷுரு ஆயிட்டுது, பழையபடி ஆரம்பிச்சுட்டான்" என்றார்கள். அது உண்மையான குரலா, என் குரலா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடி அறைக்கு ஓடி ஹோட்டலுக்குப் பேசினேன்.

"அக்கா, எல்லாமே தப்பா வருது. நீ என்னை நம்பறியா?"

யாரையோ காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"அப்ப நீ சரியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இங்க உக்காந்துக்கிட்டு எனக்கு எப்படிடா தெரியும்? வேற ஒருத்தரை, வேற ஒண்ணால அளக்கச் சொல்லு. அதுவரைக்கும் பெயின்ட் டப்பாவைத் தொடாதே."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? ஆனாலும் மஞ்சுவைக் கூப்பிட்டேன். அவன் மைக்ரோமீட்டரால் அளந்தான். தண்டு சரியாக இருந்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். மஞ்சு அதே தண்டைத் தன் கையாலேயே கேஜில் வைத்துப் பார்த்தான். அவனுக்கும் நுழைந்தது. இருவரும் கேஜை, கருவிகளைச் சரிபார்க்கும் டூல் ரூமுக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். யாரோ அதைச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டு, சத்தம் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வாய் விரிந்திருந்தது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது, "கேஜுக்குக் காமாலையா?" என்று சிரித்தாள். பிறகு, "கீழ போட்டவன் போட்டேன்னு சொல்லியிருந்தா ஒருத்தனுக்கும் வேர்த்திருக்காது" என்றாள். எனக்குக் கோபம் தீர இரண்டு நாள் ஆயிற்று. உன்னை நம்புகிறேன் என்று சொன்னவர்கள் பலர், அவர்களில் யாரும் மாத்திரை போட்டாயா என்று கேட்டதில்லை. அந்தப் பெஞ்சில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன்.

நோய் திரும்பும் அறிகுறி அக்காவுக்குத்தான் முதலில் தெரியும். தினமும் சாயங்காலம் போர்டிலிருந்து பேசுவாள். "குரல் இறுகிப்போச்சுடா, நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்பாள். என் மேலதிகாரியிடம் சொல்வதும் அவளேதான். அவள் போன பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. போன வாரம் அல்சூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்னால் நின்ற இருவர் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. இந்த முறை சொல்ல அவள் இல்லை. பயமாக இருந்தது. சொன்னால் பார்வை மாறும், சொல்லாவிட்டால் பெயின்ட் டப்பா என்னாகும் என்று தெரியும். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"மஞ்சு, ஆரம்பிக்குது. காமாலை இல்ல" என்றேன்.

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். என் வாயால் நானே சொல்ல முடிகிறது. இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார், மஞ்சு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து நீட்டினான். இந்தத் தண்ணீரில் என்ன கலந்தான் என்று எனக்குத் தோன்றியது. அது நோயின் நினைப்பு என்று தெரிந்தும் கை நீளவில்லை. மஞ்சு என் கையைப் பார்த்தான். தம்ளரைத் தன் வாயில் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டுத் திரும்ப நீட்டினான்.

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மீதியை நான் குடித்தேன்.