கை தூக்கிய ரேஷன் வரிசை

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ஒரே ரகளை. ரேஷன் கடையை ஊருக்கு வெளியே மாற்றப் போவதாகக் கவுன்சிலர் அக்காவின் குரலிலேயே ஓர் ஆடியோ.

இன்று காலை அவரே கடைக்கு வந்துவிட்டார். "அது ஏஐல பண்ண குரலுங்க. கடை இங்கதான் இருக்கும்."

அப்பாடா!

"இனிமே எது பொய்யின்னு நானே பாத்து டெலீட் பண்ணிடறேன்" என்றார் குரூப் அட்மின் காதர் பாய்.

"அத நீங்க மட்டும் இன்னாத்துக்கு முடிவு பண்றீங்க பாய்?" என்றார் வரிசையில் நின்ற செல்வி அக்கா.

அங்கேயே எல்லோரும் கை தூக்கி முடிவெடுத்தோம். ஏஐயில் செய்ததென்றால் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். எதை நீக்குவதென்று எங்களில் மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

மதியம் அந்த மூவரும் முதன்முதலாக நீக்கியது, செஞ்சிக் கோட்டையில் வெண்பனி கொட்டும் குட்மார்னிங் படத்தை. ஏஐ என்று சொல்லாமல் போட்டவர் காதர் பாய்.

உங்கள் குரூப்பில் அட்மினைக் கேள்வி கேட்க ஆள் உண்டா?