அனலைதீவின் ஆம்பிளை மிஸ்

ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுக்குள் போகுமுன் தாதி ஜெயரூபன் வாசலில் நின்று இரண்டு தரம் செருமுவார். தொண்டையில் ஒன்றும் இருக்காது. உள்ளே படுத்திருப்பவர்கள் எழுந்திருக்கவும், சீலையை இழுத்துவிடவும் நேரம் கொடுத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார். அவசரமாக ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலும் செருமினார். மாரிகாலத்தில், வெறும் கட்டில்கள் மட்டும் கிடந்த வாட்டுக்குள் மருந்துத் தட்டை எடுக்கப் போனபோதும் செருமினார். வெளிநோயாளர் இருக்கும் நீள வாங்கின் கடைசியில், சுவரோடு ஒட்டி இருந்தபடி, கோசலா இதைப் பல வருடமாகப் பார்த்து வந்தாள்.

கோசலாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேலே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணவன் குருநாகலில் ஒன்றுவிட்ட தமையனின் கடையில் நிற்கிறான். திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வந்து போவான். மகள் கஜாலினி யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கோசலாவுக்கு வீடு, கிணற்றடி, புகையிலைத் தோட்டம். நாலு பேர் கூடும் இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. கண் மட்டும் ஓயாது. நீரிழிவு என்கிற சலரோகம் வந்த பிறகு மாதம் ஒருமுறை மருந்துக் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வருவாள். அப்படி வந்து வந்துதான் ஜெயரூபனைப் பற்றி அவருக்கே தெரியாத பலதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் சாவகச்சேரிப் பக்கத்து ஆள். தாதியர் பயிற்சியில் அவரோடு படித்தவர்களில் ஆண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தாய் சொந்தக்காரரிடம் “மகன் ஆஸ்பத்திரியில உத்தியோகம்” என்று மட்டும் சொல்லி, மிச்சத்தைக் கேட்பதற்கிடையில் கதையை மாற்றிவிடுவாராம். ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முற்றாகி வந்தபோது, பெண்ணின் தகப்பன் “ஆம்பிளை நேர்ஸோ?” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாராம். இதையெல்லாம் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் மேரிஜோசப்பின் என்பவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். மேரிஜோசப்பின் ஊர்காவற்றுறைக்காரி. கூட்டுவாள், கழுவுவாள், நோயாளியைத் தூக்கிப் புரட்டுவாள். இவ்வளவும் செய்துகொண்டே கதைப்பாள்.

அனலைதீவுக்கு மாற்றமாகி வருகிற தாதிமார் பொதுவாக ஊருக்குப் பெயர் பிடிபடுவதற்குள் போய்விடுவார்கள். கடலைக் கடந்து வந்து தனியே இருப்பது அவர்களுக்கும் கஷ்டம்தான். ஜெயரூபன் போகவில்லை. விடுதியில் தானே சமைத்து, தானே அடிப்பிடிக்க வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். தாதிமாரை ‘மிஸ்’ என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் அவரை “ஆம்பிளை மிஸ்” என்றார்கள். பெரியவர்கள் “தம்பி” என்றார்கள். காய்ச்சலோ, பூச்சிக்கடியோ, மரத்தால் விழுந்து கை முறிந்ததோ, முதலில் அவரிடம்தான் ஓடினார்கள். டொக்டர் ஊர்காவற்றுறையிலிருந்து படகில் வந்து போகிறவர், அவரும் ஆண்.

இப்படி இருக்கையில் ஜெயரூபன் வேலை செய்துகொண்டே தாதியர் பட்டப்படிப்புப் படிக்கத் தொடங்கினார். கடைசி வருடத்தில் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். அவருக்குப் பொருள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சலரோகக்காரரில் பெண்கள்தான் புண்ணை முற்றவிட்டு வருகிறார்கள். சின்னக் கொப்புளமாக இருக்கும்போதே காட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவர்கள் வரும்போது யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வெட்டவேண்டிய நிலை. ஏன் பிந்தி வருகிறார்கள் என்று கண்டுபிடிக்க, சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

கோசலா வீட்டுக்கும் வந்தார். அன்றைக்கு அவளுடைய தொடையின் மேற்பக்கம், உட்புறமாக, ஒரு கட்டி பழுத்துக்கொண்டு இருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தாள்.

“இருங்கோவன் அக்கா, நிண்டுகொண்டே கதைக்கிறது?” என்றார் ஜெயரூபன், கதிரையில் இருந்தபடி.

“இல்லைத் தம்பி, நிண்டு பழகீற்றுது.”

“புண் ஏதும் வந்தா ஏன் அக்கா எங்கட சனம் கெதியா வாறேல்லை?”

“தோட்டம் தம்பி. நேரம் இல்லைத்தானே.”

அவர் தலையாட்டிவிட்டு எழும்பினார். படலையைத் தாண்டும்போது திரும்பி, “தேத்தண்ணி நல்லா இருந்தது அக்கா” என்றார். கோசலாவுக்கு முகம் கூசியது.

பக்கத்து வீட்டு யோகம்மாவுக்குக் கட்டியைப் பற்றித் தெரியும். கிணற்றடியில் கோசலா நடக்கிற நடையைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

“எடி, உது உடைஞ்சு சீழ் வைச்சிட்டுது. போய்க் காட்டன்.”

“ஆருக்கு?”

“ஆருக்கோ? தம்பிக்குத்தான்.”

“யோகம்மாக்கா, உங்களுக்கு விசரே? இந்த இடத்தையோ?”

“அவன் எங்கட பிள்ளை மாதிரியடி.”

“பிள்ளை மாதிரி எண்டா, போன வருசம் நெஞ்சுக்குக் கீழ புண் வந்த நேரம் நீங்கள் ஏன் படகேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினனீங்கள்?”

யோகம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். தண்ணீரை அள்ளி வைத்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: “என்ன செய்யிறது? அவனுக்குச் சொல்லவும் ஏலாது. சொன்னா மனம் நொந்து மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவான். பிறகு காய்ச்சலுக்கும் ஆள் இல்லை.”

ஊரிலே எல்லாப் பெண்களுக்கும் இந்த எண்ணம்தான். ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனாலும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கால் விரல், கை, முதுகு என்றால் அவரிடமே காட்டுவார்கள். மற்ற இடத்தில் வந்தால் மஞ்சளும் வேப்பிலையும்தான். வசதி உள்ளவர்கள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போவார்கள். கேட்டால் தோட்டம், வெயில், நேரமில்லை.

கோசலாவுக்கு மாலையில் குளிர்காய்ச்சல் தொடங்கியது. கால் கனத்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகத் துணைக்கு ஆள் இல்லை. மகளுக்குச் சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவாள். கணவனுக்குத் தொலைபேசியில் இதை எப்படிச் சொல்வது? குளிசை எடுக்கும் நாள் வரட்டும், அதற்குள் ஆறிவிடும் என்று இருந்தாள். ஆறவில்லை.

அந்தக் கிளினிக் நாளில் ஜெயரூபன் குளிசை கொடுக்குமுன் எல்லாரையும் இருக்கச் சொன்னார். முகத்தில் ஒரு மலர்ச்சி. புதுச் சட்டை போட்டிருந்தார்.

“நான் எல்லார் வீட்டையும் வந்தனான். எல்லாரும் ஒண்டுதான் சொன்னீங்கள். தோட்ட வேலை, நேரம் இல்லை. சரி. நேரம் இல்லாத சனத்தை வா வா எண்டு கூப்பிட்டுப் பிரியோசனம் இல்லை. அதாலை வாற திங்களிலயிருந்து பின்னேரத்தில நானே மருந்துப் பெட்டியோட வீட்டை வாறன். எந்தப் புண் எண்டாலும் அங்கேயே கழுவி, மருந்து கட்டிவிடுறன். இதையே என்ரை ஆய்விலயும் எழுதப் போறன்.”

வாங்குகளில் ஒரு அசைவு ஓடியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்கட வீட்டை நாய் நிக்குது தம்பி” என்றாள் ஒருத்தி.

“கட்டி வையுங்கோ அக்கா.”

“கட்டினாலும் அறுத்துக்கொண்டு வரும்.”

“அறுக்கட்டும். நாய்க்கடிக்கும் என்னட்டை ஊசி இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். யோகம்மா “நல்ல காரியம் தம்பி, உமக்குப் புண்ணியமாப் போகும்” என்று சொல்லிக்கொண்டே, கோசலாவின் கையைக் கிள்ளினாள்.

“அப்ப சரிதானே?” என்று ஜெயரூபன் கேட்டார்.

“ஓம், ஓம்” என்று பல குரல்கள் வந்தன.

கோசலாவுக்குக் காய்ச்சல் கண்ணை எரித்தது. அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இந்த மனிதர் திங்கட்கிழமை வெயிலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு படலையில் வந்து நிற்பார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொய் சொல்லி அனுப்புவார்கள். இவரும் நம்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அதற்கிடையில் தன் கால் போய்விடும். சொன்னால் இவர் போய்விடக்கூடும். சொல்லாவிட்டால், இவர் இருந்தும் தனக்கு இல்லை.

“இல்லைத் தம்பி” என்றாள்.

அவளுடைய குரலை அந்த மண்டபத்தில் முதன்முதலாகக் கேட்டவர்கள்தான் கூடுதலானோர். எல்லாரும் திரும்பினார்கள்.

“என்ன அக்கா இல்லை?”

“தோட்டத்தாலயும் இல்லை, நேரத்தாலயும் இல்லை. நாங்கள் சொன்னது பொய். நீங்கள் ஆம்பிளை. அதாலைதான் வாறேல்லை. காட்டக்கூடாத இடத்தில வந்தா நாங்கள் உங்களிட்டை வரமாட்டம்.”

கூட்டுமாறோடு நின்ற மேரிஜோசப்பின், “அப்பாடா, ஒராள் வாய் திறந்திட்டுது” என்றாள்.

ஜெயரூபனின் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டார். “நான் ஒருநாளும் உங்களில ஒருத்தரையும்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“தெரியும் தம்பி” என்றாள் கோசலா. “நீங்கள் தங்கமான பிள்ளை. அதாலைதான் ஒருத்தரும் சொல்லேல்லை.”

“நான் தங்கம் எண்டதுக்காகப் புண்ணை வைச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?”

அதற்கு யோகம்மாதான் பதில் சொன்னாள். “சொன்னா நீர் கோவிச்சுக்கொண்டு போயிடுவீர் எண்டு பயம், மேனே.”

ஜெயரூபன் மேசையை விட்டு விலகினார். பிறகு கோசலாவுக்குக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “உங்களுக்கு இப்ப இருக்கோ அக்கா?” என்றார். அவள் தலையாட்டினாள்.

மருந்து கட்டும் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மேரிஜோசப்பின் மட்டும் உள்ளே நின்றாள். ஜெயரூபன் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேள்வி கேட்டார், அவள் பார்த்துச் சொன்னாள். எவ்வளவு அகலம்? உள்ளங்கை அளவு. சிவப்பு எதுவரைக்கும் போயிருக்கு? முழங்காலுக்குக் கிட்ட. தொட்டுப் பார், கொதிக்குதோ? நெருப்பு மாதிரி. மணக்குதோ?

“மணக்குதோ எண்டு கேக்கிறியள்? உங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கோ?” என்றாள் மேரிஜோசப்பின்.

உள்ளே கோசலா, அழுதுகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள்.

ஜெயரூபன் டொக்டரோடு தொலைபேசியில் கதைத்தார். அடுத்த படகிலேயே அவளை அனுப்பினார். மேரிஜோசப்பின் கூடப் போனாள். ஊர்காவற்றுறையில் அம்புலன்ஸ் காத்துக்கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்தில் கட்டியை வெட்டி, பழுதான சதையை எடுத்தார்கள். காலை எடுக்க வேண்டிவரவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வேறு கதை என்று அங்கிருந்த பெண் டொக்டர் கஜாலினிக்குச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது புண் ஆழமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் கழுவி, உள்ளே துணி அடைத்துக் கட்ட வேண்டும். கோசலா ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேசையில் ஒரு பப்பாப்பழம் இருந்தது. ஜெயரூபன் அதில் ஒரு குழி தோண்டினார். அந்தக் குழியைச் சேலைன் தண்ணியால் கழுவி, துணியை நனைத்துப் பிழிந்து, இறுக்கி அடைக்காமல் மெல்ல உள்ளே விட்டு, மேலே மூடிக் கட்டிக் காட்டினார். “இனி நீங்கள் செய்யுங்கோ” என்றார். முதலில் பப்பாப்பழத்தில் செய்தாள். துணியை அளவுக்கு மிஞ்சி அடைத்து, பழம் பிளந்தது. இரண்டாவது பழத்தில் சரியாக வந்தது. அதன் பிறகு திரைக்குள்ளே, மேரிஜோசப்பின் கண்ணாடியைப் பிடிக்க, தன் காலில் தானே செய்தாள். வெளியே நின்றவர் “கை கழுவினனீங்களோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாங்கில் இருந்த யோகம்மா, “தம்பி, மருந்து கட்டின பழத்தைத் திண்ணலாமோ?” என்றாள்.

“உங்களுக்கெண்டுதான் வைச்சிருக்கிறன்.”

கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. புண்ணோடு வந்த பெண்கள் பழத்தோடு வந்தார்கள். சிலருக்கு மகள் கற்றுக்கொண்டாள், சிலருக்குத் தங்கை. கை சரியாக வராதவர்களுக்குத் திரைக்குள்ளே போய் வழிகாட்ட கோசலாவைக் கூப்பிட்டார்கள். அவள் போவாள். கதைப்பது குறைவுதான்.

ஆய்வில் எழுதியவற்றை ஜெயரூபன் கைவிட வேண்டியிருந்தது. பிழையான பதில்களை வைத்து எழுத ஏலாது என்று தன் ஆசிரியரிடம் தானே சொன்னார். திரும்பவும் வீடுவீடாகக் கேட்க வேண்டும். இந்த முறை அவர் போகவில்லை. கோசலாவும் யோகம்மாவும் போனார்கள். யோகம்மா கேள்வி கேட்டாள், கோசலா ஒவ்வொருத்தியின் பதிலையும் மனதில் வைத்துக்கொண்டு வந்து சொன்னாள். பட்டம் ஒரு வருடம் பிந்தியது.

மாற்றம் கேட்பாரா என்று ஊர் கனகாலம் பயந்துகொண்டு இருந்தது. ஒருநாள் குளிசை வாங்கும்போது கோசலா கேட்டுவிட்டாள்.

“போயிடுவியளோ தம்பி?”

“நினைச்சனான்” என்றார். “பொய் சொல்ல ஏலாது. நான் போனாத்தான் இந்த இடத்துக்கு ஒரு பொம்பிளை நேர்ஸ் வரலாம் எண்டும் நினைச்சனான். பிறகு யோசிச்சன், நான் போய், அவவும் வராட்டி?”

மேலிடத்தில் தன்னோடு இரண்டாவது ஆளாக ஒரு பெண் தாதியைக் கேட்டிருக்கிறார். இன்றுவரை ஒருவரும் வரவில்லை. ஜெயரூபன் அனலைதீவில்தான் இருக்கிறார், கல்யாணம் ஆகவில்லை. பெண்கள் மேரிஜோசப்பின் வேலையில் நிற்கும் நேரம் பார்த்து வருகிறார்கள். அவள் லீவில் நிற்கும் நாட்களில் இன்னும் வருவதில்லை. கோசலாவின் புண் ஆறிவிட்டது. அந்தக் காலை மடித்துக் குந்தியிருக்க ஏலாது. அதனால் தோட்டத்துக்குள் இறங்காமல், நின்றுகொண்டு புகையிலை கட்டுகிறாள்.